இரத்தத்தில் உள்ள எண்ணும் சிறுநீரில் தெரியும் நிறமும்

பதிவு நீளமானது. எனினும் இறுதிவரை வாசிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். சொல்ல வேண்டியவற்றுள் மிகவும் தேவையானது இறுதியில்தான் வருகிறது.

சென்ற மாதம் ஓர் இரவு, ஈரோட்டிலிருந்து சித்தப்பா அழைத்தார். அறுபத்து மூன்று வயதானவர். ஏதோ ஒரு பரிசோதனை நிலையம் தள்ளுபடி விலையில் அறிவித்த ‘முழு உடல் பரிசோதனை’யைச் செய்துகொண்டிருக்கிறார். அறிக்கையில் டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கு அருகே ஒரு சிவப்பு அம்புக்குறி இருந்திருக்கிறது.

“கண்ணு, ஆம்பள ஹார்மோன் அதிகம்னு போட்டுருக்காங்க. அது அதிகமா இருந்தா மூத்திரப்பைல கேன்சர் வரும்னு ஒரு வீடியோல சொல்றாங்களே, நெசமா?”

நான் கொல்கத்தாவில் நோய்ப்பரவலியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவன், மருத்துவன் அல்லன். ஆனால் இத்தகைய கேள்விகளை எப்படிக் கேட்க வேண்டும் என்பதே என் படிப்பு. ஆகவே நான் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்டேன். “சித்தப்பா, பீடி இப்ப எத்தனை?” “ஒரு கட்டு, சில நாள் ஒன்றரை.” “சாயப்பட்டறையில எத்தனை வருசம் இருந்தீங்க?” “பதினாலு வருசம். அதெல்லாம் பழைய கதை கண்ணு. ஹார்மோனப் பத்திச் சொல்லு.”

‘அதெல்லாம் பழைய கதை’ என்ற அந்தச் சொல்லே இப்பதிவை எழுதத் தூண்டியது.

முதலில், சித்தப்பாவின் ஐயம் அடிப்படையற்றது அன்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆண்களுக்குப் பெண்களைவிட மூன்று முதல் நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி புதிதாக நோயுற்றோர் ஏறத்தாழ 6,14,000 பேர். இறந்தோர் ஏறத்தாழ 2,20,000 பேர். இவர்களுள் பெரும்பான்மையினர் ஆண்களே. சிறுநீர்ப்பை இரு பாலாருக்கும் பொதுவான உறுப்பு. அப்படியிருக்க இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்?

நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட விடை எளிமையானது: புகைப்பவர் பெரும்பாலும் ஆண்கள், சாய ஆலைகளில் உழைத்தவரும் ஆண்கள். இவ்விடைக்கு வலுவான வரலாறு உண்டு. 1895இல் லுட்விக் ரேன் என்னும் ஜெர்மானிய அறுவை மருத்துவர், ஃபியூக்சின் என்னும் செஞ்சாயம் தயாரித்த தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு அறிவித்தார். 1938இல் வில்ஹெல்ம் ஹியூப்பர், சாயத் தொழிலில் பயன்பட்ட 2-நாஃப்தைலமீன் என்னும் வேதிப்பொருள் நாய்களின் சிறுநீர்ப்பையில் புற்றை உண்டாக்குவதைக் காட்டினார். 1954இல் இராபர்ட் கேஸ், பிரித்தானியச் சாயத் தொழிலாளரின் இறப்புப் பதிவுகளைக் கொண்டு அதே உண்மையை மனிதரிடம் நிறுவினார். இந்த 2-நாஃப்தைலமீனும் இதன் இனத்தைச் சேர்ந்த 4-அமினோபைஃபீனைலும் புகையிலைப் புகையிலும் உள்ளன. மூச்சுவழி இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, சிறுநீரோடு சேர்ந்து பல மணி நேரம் சிறுநீர்ப்பையின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. நுரையீரலுக்குள் இழுத்த புகை சிறுநீர்ப்பையைத் தாக்குவது இவ்வழியாகத்தான்.

எனினும் புகையையும் தொழிலையும் கழித்துவிட்டால் இடைவெளி மறைந்துவிடுகிறதா? 1990இல் அமெரிக்காவில் பேட்ரிசியா ஹார்ட்ஜும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டது. புகைப்பழக்கம், தொழில்வழி நச்சு, சிறுநீர்த்தொற்று ஆகிய எதற்கும் ஆட்படாதவர்களை மட்டும் வைத்துப் பார்த்தாலும் ஆண்களுக்கான நோய்வீதம் பெண்களைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு இருந்தது. அந்த விளங்காத மிச்சத்துக்கு விடை தேடியே ஆய்வாளர்கள் ஹார்மோன்களை நாடினர்.

விலங்காய்வுகள் அவர்களை ஏமாற்றவில்லை. ஆண் எலிகளுக்கு இந்நோய் எளிதில் வருவதும், ஹார்மோனை மாற்றினால் அவ்வேறுபாடு மாறுவதும் 1972லேயே காட்டப்பட்டன. 2007இல் மியாமோட்டோ குழுவினர் செய்த சோதனை இன்னும் தெளிவானது. புற்றூக்கி வேதிப்பொருள் கொடுக்கப்பட்ட இயல்பான ஆண் எலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றுக்கும், பெண் எலிகளில் 42 விழுக்காட்டுக்கும் சிறுநீர்ப்பைப் புற்று வந்தது. ஆனால் ஆண்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஆண் ஹார்மோன் சென்று பொருந்தும் உயிரணுப் புரதம், மரபணு நிலையிலேயே நீக்கப்பட்டிருந்த எலிகளில், ஆணோ பெண்ணோ, ஒன்றுக்குக்கூட வரவில்லை. அந்த ஏற்பி செயல்படும்போது, நச்சை முறிக்கும் சில நொதிகள் சிறுநீர்ப்பைச் சுவரில் குறைகின்றன என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. புற்றணுவை அழிக்க வேண்டிய டி அணுக்களை ஆண் ஹார்மோன் சோர்வடையச் செய்கிறது என்று 2022இல் மற்றொரு குழு காட்டியது.

இவையெல்லாம் மதிக்கத்தக்க அறிவியல். இந்த வழியில் நாளை புதிய மருந்துகள் பிறக்கக்கூடும். நான் மறுப்பது இவற்றை அன்று. ‘எலியில் ஆண் ஹார்மோனுக்குப் பங்குண்டு’ என்ற முடிவிலிருந்து ‘உங்கள் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருந்தால் உங்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு கூடுதல்’ என்ற வாக்கியத்துக்கு ஒரே தாவலில் சென்றுவிடும் போக்கைத்தான் மறுக்கிறேன். நடுவே பல படிகள் இல்லை.

மேற்சொன்ன 2007ஆம் ஆண்டுச் சோதனையையே மீண்டும் பாருங்கள். அதில் விதை நீக்கப்பட்ட ஆண் எலிகளும் இருந்தன. டெஸ்டோஸ்டிரோனைப் பெருமளவு சுரக்கும் உறுப்பே இல்லாத அவற்றிலும் பாதிக்குப் புற்று வந்தது. ஏற்பி அறவே இல்லாதவற்றுக்குத்தான் வரவில்லை. ஆக, முக்கியமானது இரத்தத்தில் ஓடும் அளவு மட்டுமன்று. திசுவுக்குள் அதை ஏற்கும் அமைப்பு என்ன செய்கிறது என்பதுமாகும். இரத்தப் பரிசோதனை அதைக் காட்டாது.

அடுத்தது, பாலினங்களுக்கு இடையேயான வேறுபாட்டையும் ஆண்களுக்குள்ளே உள்ள வேறுபாட்டையும் ஒன்றாகக் கருதும் பிழை. ஆணின் டெஸ்டோஸ்டிரோன் அளவு பெண்ணினதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ஓர் ஆணுக்கும் இன்னோர் ஆணுக்கும் உள்ள வேறுபாடு அதனோடு ஒப்பிட்டால் சிறிது. கண்மாய் நிறைந்துவிட்டால் அதன்மேல் பெய்யும் மழை கலிங்கு வழியே வெளியேறிவிடும். மடையைத் திறந்தால் வயலுக்குப் பாயும் நீர் அதே அளவுதான். வறண்ட கண்மாய்க்கும் நிறைந்த கண்மாய்க்கும் விளைச்சலில் வேறுபாடு உண்டு என்பதால், நிறைந்த கண்மாய்க்கும் வழியும் கண்மாய்க்கும் அதே வேறுபாடு இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஏற்பிகளும் அவ்வாறு நிறைவெய்தக் கூடியவையே.

பாலின இடைவெளிக்கு ஹார்மோன் மட்டுமே விடை என்பதும் உறுதியன்று. எக்ஸ் நிறப்புரியில் உள்ள கேடிஎம்6ஏ என்னும் மரபணு பெண்களுக்குக் காப்பாக அமைகிறது என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. சிறுநீர்ப்பைக் கட்டியின் உயிரணுக்கள் ஒய் நிறப்புரியை இழக்கும்போது தடுப்பாற்றலிடமிருந்து தப்பி வேகமாக வளர்கின்றன என்று 2023இல் வேறோர் ஆய்வு காட்டியது. நிறப்புரியின் கதையை இரத்த ஹார்மோன் அளவு சொல்லாது.

காலமும் குறுக்கே நிற்கிறது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கும். நோயுற்றால் குறையும், உடற்பருமன் கூடினால் குறையும், அகவை ஏற ஏறப் படிப்படியாகக் குறையும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயோ அகவை ஏற ஏறக் கூடுகிறது. நச்சுக்கு ஆட்பட்ட நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே இருபது, முப்பது ஆண்டுகள்கூடக் கழிவதுண்டு. அறுபத்து மூன்றாம் வயதில், ஒரு நாள், ஒரு வேளை எடுத்த இரத்தம், முப்பதாம் வயதில் உடலுக்குள் நடந்ததற்கு எங்ஙனம் சான்றாகும்?

இவையனைத்தையும்விட முதன்மையான தடை ஒன்று உண்டு. புகைக்கும் ஆண்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு, புகைக்காத ஆண்களினதைவிடச் சராசரியாகச் சற்று அதிகம். இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரின் ஆண்கள் அனைவரிடமும் இரத்தம் எடுத்து, இருபது ஆண்டுகள் பின்தொடர்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஹார்மோனால் சிறிதும் தீங்கில்லை என்றே கொள்வோம். அப்போதும், ஹார்மோன் கூடுதலாக உள்ளவர்களிடையே புகைப்போர் அதிகம் இருப்பர். அவர்களிடையே புற்றுநோயும் அதிகம் காணப்படும். கணக்குப் போடுபவர் புகைப்பழக்கத்தை நுணுக்கமாகக் கழிக்காவிட்டால், புகையின் குற்றம் ஹார்மோனின் தலையில் விழும். எங்கள் துறையில் இதனைக் குழப்பக் காரணி என்போம். ‘புகைப்பவரா, இல்லையா’ என்று ஒரு கேள்வி கேட்டால் மட்டும் இது கழியாது. எத்தனை ஆண்டுகள், நாளுக்கு எத்தனை, பீடியா சிகரெட்டா, எப்போது நிறுத்தினார் என்பவையெல்லாம் வேண்டும்.

பெண்களின் நிலையிலும் இதே முடிச்சு உண்டு. மாதவிடாய் 45 வயதுக்குள் நின்றுவிட்ட பெண்களுக்கு இந்நோய் வாய்ப்பு கூடுதல் என்று அமெரிக்கச் செவிலியரிடையே நடந்த நெடுங்கால ஆய்வு 2006இல் தெரிவித்தது. ஈஸ்ட்ரோஜன் காக்கிறது என்ற கருத்துக்கு இது துணைநிற்பதுபோல் தோன்றும். ஆனால் புகைக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே நிற்கிறது என்பதும் நிறுவப்பட்ட உண்மை. ஈஸ்ட்ரோஜன் குறைவா, புகையா, இரண்டும் சேர்ந்தா என்று பிரித்தறிவது எளிதன்று. ஆண்களிடமும் பெண்களிடமும் ஹார்மோனைத் தேடிச் செல்லும் ஒவ்வொரு வழியிலும் புகையிலை முன்னே வந்து நிற்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 2016-17ஆம் ஆண்டின் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆண்களில் 19 விழுக்காட்டினர் புகைக்கின்றனர். பெண்களில் 2 விழுக்காட்டினர். வயதுவந்தோரில் 7.7 விழுக்காட்டினர் பீடி பிடிக்கின்றனர். இத்தகைய நாட்டில், ஆண்களுக்கு இந்நோய் ஏன் அதிகம் என்ற கேள்விக்கு விடை தேடுபவர் ஹார்மோனுக்கு முன் பீடிக்கட்டைப் பார்க்க வேண்டாமா? அமெரிக்காவில் புகைக்கும் பெண்கள் மிகுதி. ஆகவே அங்கே மிஞ்சும் இடைவெளியை ஹார்மோனால் விளக்க முயல்வதில் பொருள் உண்டு. அந்தக் கேள்வியை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டால், நம் மண்ணின் கேள்வி மறைந்துபோகும்.

நம் மண்ணின் கேள்விகள் வேறு. நான் இருக்கும் மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத், நதியா, மால்டா, வடக்கு 24 பர்கனா ஆகிய மாவட்டங்களின் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஆர்சனிக் உள்ளது. 1983ஆம் ஆண்டுவாக்கில் கொல்கத்தாவின் தோல்நோய் மருத்துவர் கே.சி. சாஹா இதன் பாதிப்பை நோயாளிகளிடம் கண்டறிந்தார். ஆர்சனிக் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் ஐயமில்லை. சிலி நாட்டின் அந்தோஃபகாஸ்தா நகரில் 1958 முதல் 1970 வரை ஆர்சனிக் மிகுந்த நீர் வழங்கப்பட்டது. நீரைத் தூய்மைப்படுத்திப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அங்கே இந்நோயால் இறப்போர் தொகை உயர்ந்தே இருந்தது. நாட்டின் பிற பகுதிகளில் சாயத்தொழில் இருக்கிறது. பென்சிடின் சார்ந்த சாயங்களை நம் அரசு 1990களில் தடை செய்தது. ஆனால் அதற்கு முன் அச்சாயங்களைக் கையால் கரைத்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிய முதியோர். நோய் வெளிப்படும் வயது அது. அவர்களைத் தேடிச்சென்று கேட்பவர் யார்?

இங்கேதான் எனக்குச் சினம் எழுகிறது. சித்தப்பாவிடம் இரத்தம் எடுத்த நிலையம் அறுபதுக்கும் மேற்பட்ட அளவுகளை அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது. நீங்கள் புகைப்பவரா, என்ன வேலை பார்த்தீர்கள், எந்தக் கிணற்று நீரைக் குடித்தீர்கள் என்ற மூன்று கேள்விகளை அங்கே எவரும் கேட்கவில்லை. கேள்விக்கு விலையில்லை, பரிசோதனைக்கு விலை உண்டு. விலையுள்ளதே அறிவியல் என்ற மயக்கம் நம்மிடையே பரவிவருகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயை முன்னறிய டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை செய்யுங்கள் என்று எந்த மருத்துவ வழிகாட்டு நெறியும் சொல்லவில்லை. பிறகு எதற்காக அந்தச் சிவப்பு அம்புக்குறி?

ஹார்மோன் விளக்கத்தில் இன்னொரு கவர்ச்சியும் உண்டு. அது யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. ‘உங்கள் உடலின் இயல்பு’ என்று சொன்னால், பீடி விற்பவரும் கேள்விக்கு ஆளாகார். சிகரெட்டைவிடப் பீடிக்குக் குறைவாக வரி விதித்த அரசும் ஆளாகாது. கையுறைகூடத் தராமல் சாயம் கரைக்கச் சொன்ன பட்டறை முதலாளியும் ஆளாகார். நோய்க்கான காரணம் நோயாளியின் உடலுக்குள்ளேயே பூட்டி வைக்கப்படுகிறது. நோயாளிக்கும் அது ஒருவகையில் ஆறுதல். என் சித்தப்பா ஹார்மோனைப் பற்றிக் கேட்டபோது, பீடியைப் பற்றிக் கேளாதிருக்க ஒரு வழியைத் தேடினார் என்றே எண்ணுகிறேன். அவரை நான் பழிக்கவில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கத்தைத் தனியே எதிர்கொள்வது எளிதன்று.

‘இவர் அடிப்படை ஆய்வுக்கு எதிரானவர்’ என்று நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும். அல்லன். ஃபினாஸ்டிரைடு என்னும் மருந்து, டெஸ்டோஸ்டிரோன் அதன் வீரியமிக்க வடிவமாக மாறுவதைத் தடுப்பது. அதை உட்கொண்ட ஆண்களிடம் இந்நோய் குறைவாகக் காணப்பட்டது என்று 2016இல் அமெரிக்க ஆய்வொன்று தெரிவித்தது. அது பின்தொடரத்தக்க தடயம். ஆனால் மருந்தை உண்டவரும் உண்ணாதவரும் வேறு பல வகைகளிலும் வேறுபட்டவர்களாக இருக்கலாம். ஆகவே எவரும் புற்றுநோய்க்கு அஞ்சி அம்மருந்தை வாங்கி உண்ண வேண்டா. மருத்துவர் வேறு காரணத்துக்காக எழுதிக்கொடுத்த ஹார்மோன் மருந்தை இப்பதிவைப் படித்துவிட்டு நிறுத்தவும் வேண்டா. தடயம் ஆய்வாளருக்கு, முடிவு நோயாளிக்கு. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை மறைப்பதே பிழை.

நான் வேண்டுவன மூன்று. இந்திய மக்களிடையே, பீடியையும் குடிநீரையும் தொழிலையும் முழுமையாகப் பதிவு செய்து, இரத்தமும் சேர்த்துவைத்து, பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுகள் வேண்டும். அப்போதுதான் ஹார்மோனின் உண்மையான பங்கும் விளங்கும். சாயத்தொழிலில் இருந்தவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். பயனற்ற ஹார்மோன் பரிசோதனையைப் புற்றுநோய் அச்சத்தோடு சேர்த்து விற்பதைத் தடுக்கும் நெறி வேண்டும்.

இனி, நான் முதலில் குறிப்பிட்ட செய்திக்கு வருகிறேன்.

அன்றிரவு பேச்சு முடியும் தறுவாயில் சித்தப்பா சொன்னார்: “உங்க சித்திக்குத்தான் ஒடம்பு செரியில்ல. மூத்திரத்துல கிருமியாம். மூணாவது தடவையா மாத்திரை குடுத்திருக்காங்க.” சித்தியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். எரிச்சல் இருந்ததா என்று கேட்டேன், இல்லை. காய்ச்சல்? இல்லை. “ரெண்டு தடவ செவப்பாப் போச்சு கண்ணு. வலியில்ல. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு அப்படித்தான்னு சொல்லிட்டாங்க.” சித்திக்கு ஐம்பத்தெட்டு வயது, மாதவிடாய் நின்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் தெரிவதே சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதன்மையான அறிகுறி. பெண்களிடம் அது தொற்று என்றோ மாதவிடாய்க் கோளாறு என்றோ ஒதுக்கப்படுகிறது. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிறுநீரில் இரத்தம் என்று முதன்முறை மருத்துவரிடம் சென்ற நாளிலிருந்து நோய் கண்டறியப்படும்வரை ஆண்களுக்குச் சராசரியாக 74 நாள்களும் பெண்களுக்கு 85 நாள்களும் ஆயின. அங்கேயே அப்படி. நோய் குறைவாக வரும் பெண்களிடம், வந்தபின் உயிர்பிழைத்தல் ஆண்களைவிட மோசமாக இருப்பதற்கு இத்தாமதமும் ஒரு காரணம். ‘இது ஆண்களின் நோய்’ என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதும் அத்தாமதத்தை வளர்க்கிறது. ஆண் ஹார்மோனைப் பற்றிய ஒவ்வொரு காணொளியும், அது அறியாமலேயே, சித்தியைப் போன்றவர்களிடம் ‘உனக்கு இது வராது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

மறுவாரம் சித்தியைச் சிறுநீரியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். உள்நோக்கிக் கருவி வழியே பார்த்தபோது சிறுநீர்ப்பைச் சுவரில் சிறு கட்டி ஒன்று தெரிந்தது. ஆழமாக வேர்விடவில்லை. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்வழியாகவே அகற்றிவிட்டனர். இந்நோய் மீண்டும் மீண்டும் வரக்கூடியது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்நோக்கிப் பார்க்க வேண்டும். சித்தி ஒருநாளும் பீடி பிடித்தவர் அல்லர். அவருக்கு ஏன் வந்தது என்று சித்தப்பா என்னைக் கேட்டார். என்னிடம் விடை இல்லை. ஒரு மக்கள்தொகையைப் பற்றிச் சொல்லத் தெரிந்த அறிவியலுக்கு, ஒரு மனுசியைப் பற்றிச் சொல்ல வாய் எழுவதில்லை.

சித்தப்பாவின் பீடி இப்போது நாளுக்கு நான்காகக் குறைந்திருக்கிறது. நிறுத்திவிடுவார் என்று நம்புகிறேன். அந்தப் பரிசோதனை அறிக்கை வீட்டில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

வாசிக்கும் நீங்கள் ஆணோ பெண்ணோ, வலியில்லாமல் ஒரே ஒருமுறை சிறுநீர் சிவந்து போனாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். பெரும்பாலோருக்குப் புற்றாக இராது. ஆயினும் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு இருந்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பையைப் பார்த்துவிடும்படி கேளுங்கள். உங்கள் தாயிடம், அத்தையிடம், பெரியம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். கூச்சத்தால் அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.